தேரிக்காட்டுக் கோயில்கள்: ஒரு பழைய மேஸ்திரி போட்ட மார்க்கு

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் பூமிக்குத் தேரிக்காடு என்று பேர்; அந்தப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில்களைப் பற்றி எழுதுகிறேன். முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் அதோடு போய்க்கொள்ளலாம். இடையன்குடி தூய திரித்துவ ஆலயம், பத்துக்கு ஒன்பது. மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயம், எட்டரை. மணப்பாடு திருச்சிலுவை ஆலயம், எட்டு. கடலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மணப்பாட்டுக்குப் பத்து போடலாம்தான், ஆனால் கடலை எந்தக் கொத்தனாரும் கட்டவில்லை. முதலூருக்கு ஏழு. அந்த ஊர் மஸ்கோத் அல்வாவுக்குத் தனி மார்க்கு உண்டு, கடைசியில் வருகிறேன்.

மார்க்குப் போட நான் யார் என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் சித்தாளாக ஆரம்பித்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இப்போது முட்டிவலியால் சாரம் ஏறாமல் வீட்டில் இருப்பவன். எங்க அய்யா செக்கில் சுண்ணாம்பு அரைத்த ஆள். நான் கும்பிடுவது சாஸ்தாவை; பங்குனி உத்திரத்துக்கு வருஷா வருஷம் குடும்பத்தோடு போய் நிற்பவன். அதனால் இது பக்திக் கட்டுரை இல்லை. கட்டடத்தைக் கட்டடமாகப் பார்த்தவன் எழுதுவது.

அக்கா மகன் சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறான். காலேஜில் ஏதோ ப்ராஜெக்ட், கிராமத்துப் பழைய கட்டடங்களை அளந்து வரைய வேண்டுமாம். "மாமா, பெரிய கோயில் எல்லாம் எல்லாரும் பண்ணிட்டாங்க" என்றான். "அப்ப தேரிக்காட்டுக்கு வா" என்று வண்டி பேசிக் கூட்டிக்கொண்டு போனேன். சாத்தான்குளம் வழியாக முதலூர், மெஞ்ஞானபுரம், உடன்குடி, மணப்பாடு, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் உவரியைத் தாண்டி இடையன்குடி. நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள். வெயில் தாழும் நேரத்துக்கு இடையன்குடி வந்து சேரும்.

முதலூரைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1799ல் உருவான ஊர். புது வேதத்துக்கு மாறியவர்களைச் சொந்த ஊர்களில் இருக்கவிடாமல் அடித்தபோது, தாவீது சுந்தரானந்தம் என்கிற உபதேசியார் முன்னின்று, நிலம் வாங்கி, அவர்களைக் குடியேற்றிய இடம். திருநெல்வேலிச் சீமையில் இப்படி அமைந்த முதல் கிறிஸ்தவக் குடியேற்றம் இதுதான். ஓடிவந்தவர்கள் கட்டிய ஊரில் இன்றைக்கு அவ்வளவு உயரக் கோபுரம் நிற்கிறது. வெள்ளையும் புதுப்பெயின்ட்டும் அதிகம், அதனால் என் கண்ணுக்கு வயது தெரியவில்லை. ஏழு மார்க்கு ஊரின் கதைக்காக.

மெஞ்ஞானபுரத்தில் ஊர் தெரிவதற்கு முன்னால் கோபுரம் தெரியும். பனைமரத் தலைகளுக்கு மேலே கூராக ஒன்று நிற்கும். 192 அடி. மருமகன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தான். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த மிஷனரி ஜான் தாமஸ் 1837ல் இங்கே குடியேறியபோது இது காற்றில் மணல் பறக்கும் பொட்டல். கிணறு வெட்டினார், மரம் வைத்தார், பள்ளிக்கூடம் கட்டினார். 1845ல் அடித்த புயலில் அதற்கு முந்தைய ஜெப வீடு போயிற்று. அதற்குப் பிறகு எழும்பியது இந்தக் கல் கோயில். கோபுரம் முடிய 1868 ஆகிவிட்டது. 1870ல் அவர் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆனார்.

"மணல்ல எப்படி மாமா இவ்ளோ உயரம்?" என்று மருமகன் கேட்டான். இது எல்லாரும் கேட்கிற கேள்விதான். மணல் என்றாலே பயப்படுகிறார்கள். பக்கவாட்டில் நகர வழியில்லாமல் கட்டிப்போட்ட மணல், கரிசலைவிட ஆயிரம் மடங்கு நல்ல அஸ்திவாரம். கரிசல் மழைக்கு வீங்கும், வெயிலுக்கு வெடிக்கும். மணலுக்கு அந்தக் குணம் கிடையாது. ஆழமாகத் தோண்டி, அகலமாகக் கல்லைப் பரப்பி, அதன் மேல் எழுப்பினால் நிற்கும். நான் வியந்தது அஸ்திவாரத்துக்கு இல்லை, உச்சிக்கு. மேலே போகப் போக ஒவ்வொரு வரிசையும் ஒரு நூல் உள்வாங்கி, எல்லாப் பக்கமும் ஒன்றுபோல வந்து, ஒரு புள்ளியில் முடிய வேண்டும். ஒரு பக்கம் ஒரு அங்குலம் பிசகினால் கீழே நின்று பார்க்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். கிரேன் இல்லாத காலத்தில் சாரம் கட்டி, கப்பியும் கயிறும் வைத்து அதைச் செய்த கொத்தனார் எவனோ, அவனுக்கு நான் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் கட்டிய கோயில் என்று சொல்லுகிறவர்களுக்கு இதுதான் என் பதில். வரைபடம் வெள்ளைக்காரனுடையது. சீமைப் பணமும் ஒரு பகுதி வந்தது. மீதி யாருடையது? காலையும் மாலையும் பனை ஏறி, பதநீர் இறக்கி, அதைப் பெண்டுகள் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி வாழ்ந்த ஜனங்கள். சோறு பொங்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கிற வழக்கம் இந்தப் பக்கத்துச் சபைகளில் பல வீடுகளில் உண்டு. பண்டிகையில் காணிக்கையாக வந்த சேவலும் வாழைத்தாரும் தேங்காயும் ஏலம் போகிறதை நீங்களே பார்க்கலாம். அந்த ஜனங்களின் வாழ்க்கையைச் சொல்லக் கல்வெட்டோ செப்பேடோ கிடையாது. இருப்பது இந்தச் சுவரும், உள்ளே பீரோவில் இருக்கிற ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும்தான். மைசூரையும் மதுரையையும் ஆண்டவனுக்குப் பரம்பரை எழுதி வைத்திருக்கிறார்கள். பனையேறியின் தாத்தா பெயரைத் தேட வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

மெஞ்ஞானபுரத்துக்கு ஒன்றரை மார்க்கு ஏன் குறைத்தேன் என்றால், உள்ளே ஸ்பீக்கர் மாட்டக் கண்ட இடத்தில் ஆணி அடித்திருக்கிறார்கள். பழைய சுவரில் ட்ரில்லிங் மிஷின் வைக்கிறவனைப் பிடித்து ஒரு வாரம் சுண்ணாம்பு அரைக்கவிட வேண்டும்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மணப்பாடு போனோம். இது வேறு உலகம். ரோமன் கத்தோலிக்கக் கடற்கரை, பரதவர் ஊர், கதையும் முந்நூறு வருஷம் முந்தியது. 1540ல் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்ததாம். உயிர் தப்பினால் சிலுவை நடுகிறேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டு, முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து மணல்மேட்டில் நட்டான் என்பது ஊர் சொல்லுகிற வரலாறு. 1542ல் சவேரியார் வந்தார். அவர் தங்கிய குகை கடலைப் பார்த்தபடி பாறைக்கு அடியில் இருக்கிறது. 1544ல் அவர் எழுதிய சில கடிதங்களில் எழுதிய இடமாக இந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. மேட்டின் உச்சியில் உள்ள திருச்சிலுவை ஆலயம் 1581ல் கட்டியது. செப்டம்பர் 14 திருவிழா. அப்போது போனால் கட்டடத்தைப் பார்க்க முடியாது, ஜனத்தைத்தான் பார்க்கலாம்.

இங்கே நிற்கும்போது ஒரு மேஸ்திரிக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று: உப்பு. வருஷம் முழுக்க உப்புக்காற்று அடிக்கிற மேட்டில் சுண்ணாம்புச் சுவர் நிற்கும், கம்பி கட்டிய காங்கிரீட் நிற்காது. கம்பி துருப்பிடித்து, ஊதி, காங்கிரீட்டை வெடிக்க வைத்துவிடும். ஊருக்குள் நாற்பது வருஷத்து வீடுகளின் சன்ஷேடைப் பாருங்கள், கம்பி எலும்பாகத் தெரியும். சுண்ணாம்பு அப்படியில்லை. ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மூச்சு விடுகிற சுவர். மேலே சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்தால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. உப்புப் பூத்துப் பொரிந்து, கூடவே பழைய செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும். மணப்பாட்டில் அலங்காரம் கூடிவிட்டது என்பதால் இரண்டு மார்க்கு குறைத்தேன். படி ஏறி மேலே நின்று ஆற்றுக் கழிமுகத்தைப் பார்க்கும்போது கோபம் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடற்கரைச் சாலையில் உவரி வந்ததும் மருமகன் கப்பல் வடிவக் கோயிலைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னான். மேலே விமானம், கீழே கப்பல். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நம் விஷயம் அது இல்லை.

இடையன்குடி. ஊருக்குள் நுழையும்போதே ஒரு வித்தியாசம் தெரியும். தெரு நேராக இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய கிராமங்களில் தெரு மாடு போன வழி. இங்கே நூல் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். 1841 கடைசியில் இங்கே வந்த கால்டுவெல் செய்த வேலை. சென்னையிலிருந்து பெரும்பகுதி வழியை நடந்தே கடந்து வந்த மனுஷன். அயர்லாந்தில் பிறந்தவர், நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தச் செம்மணலில் கிடந்தார். 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தபோது அவருடைய விலாசம் லண்டனோ மெட்ராஸோ இல்லை, இந்தத் தேரிக்காடு. சென்னைக் கடற்கரையில் 1968ல் சிலை வைத்தார்களே, அதே கால்டுவெல்தான். மெரினா சிலையைப் பார்த்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். இந்தக் கோயிலைப் பார்த்தவர்களை எண்ணிவிடலாம்.

கோயில் பூட்டியிருந்தது. வார நாளில் பூட்டித்தான் இருக்கும், வாசலில் நின்று சத்தம் போடாமல் கோயில் குட்டியாரை, அதாவது கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆளைக் கேளுங்கள். எங்களுக்குத் திறந்துவிட்டவர் வயதானவர், என்னை "அண்ணாச்சி" என்றே கூப்பிட்டார்.

"எந்த ஊர் அண்ணாச்சி?"

"பாளையங்கோட்டை. கட்டட வேலை."

"அப்ப நீங்க மேல பாருங்க. மத்தவுங்க எல்லாம் கல்லறையத்தான் கேப்பாங்க."

மேலே பார்த்தேன். கூர்வளைவுகள். மருமகன் 'கோதிக்' என்று ஆரம்பித்து ஒரு பாடம் நடத்தினான். எனக்குத் தெரிந்தது இவ்வளவு: அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளும், கூர்வளைவு அதைவிடக் கீழே இறக்கும். அதனால் ஜன்னலை உயரமாக வைக்கலாம், வெளிச்சம் உள்ளே தாராளமாக வரும். உச்சியில் வைக்கிற கல் உட்கார்ந்தபிறகுதான் அடியில் கொடுத்த சட்டத்தை எடுக்க முடியும். எடுக்கிற அந்த நேரம் எந்த மேஸ்திரிக்கும் வயிற்றைக் கலக்கும். இங்கே அப்படி எத்தனை முறை கலக்கியிருக்கும் என்று ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கும் ஒரு கீறல் என் கண்ணுக்குப் படவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே ஃபேன் போடாமலே நிற்க முடிந்தது. சுவரின் கனம் அப்படி.

1847ல் வேலை ஆரம்பித்தது, 1880 ஜூலை 6ல் பிரதிஷ்டை. முப்பத்து மூன்று வருஷம். இன்றைக்கு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பதினெட்டு மாதம் கேட்டால் பார்ட்டி முறைக்கிறான். பணம் வந்தபோது வேலை, தீர்ந்தபோது நிறுத்தம். இடையில் தாது வருஷப் பஞ்சம் வேறு. ஜனங்கள் புல்லரிசி பொறுக்கின காலம் அது. ஆரம்பித்தபோது கல் சுமந்தவன் மகன் முடிக்கும்போது கல் செதுக்கியிருப்பான். இந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு ஊர் வேலை கற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்பது மார்க்கு அதற்காகத்தான்.

1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் கால்டுவெல் இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து, இந்த ஆலயத்திலேயே பலிபீடத்துக்கு அடியில் வைத்தார்கள். மலையிலிருந்து இறக்கி, அந்தக் காலத்து ரோட்டில் தேரிக்காடு வரை. மனைவி எலைசாவும் இங்கேதான் அடக்கம். நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட்டின் மகள், தமிழ் பேசி வளர்ந்தவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் பின்னுகிற வேலையும் இந்த ஊருக்கு அந்த அம்மா கொண்டுவந்தது. எலும்பு முறியப் பனை ஏறுகிற வீட்டில், பெண் கையிலும் நாலு காசு புழங்க வைத்தது அந்த ஊசி. சிலை இருப்பது புருஷனுக்கு மட்டும்.

கோயிலுக்குப் பக்கத்தில் அவர் இருந்த வீடு 2011லிருந்து அரசு நினைவில்லம். அதையும் பாருங்கள். ஆனால் அவரைத் தெய்வமாக்கிக்கொண்டு போகாதீர்கள். 1849ல் இதே பனையேறி ஜனங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர்களை இழிவாகச் சொல்லியிருந்தது பின்னால் பெரிய கொந்தளிப்பாகி, புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. எதிர்த்தவர்களில் அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்ற சமூகத்துப் பிள்ளைகளும் உண்டு. படிக்க வைத்தால் இப்படித்தான், படித்தவன் உன்னையும் படிப்பான். எனக்கு இந்தக் கதையில் இதுதான் ரொம்பப் பிடித்த இடம்.

இன்னொரு கோயிலைச் சொல்லாமல் இந்தப் பக்கத்து வரலாறு முடியாது. அன்றைக்கு நேரமில்லாமல் விட்டது, வடக்கன்குளம். வேதத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை 1745ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அங்கே 1872ல் எழும்பிய கத்தோலிக்கக் கோயிலின் வடிவம் உலகத்தில் அபூர்வம்: பலிபீடம் ஒன்று, அதை நோக்கி வரும் நடுக்கூடம் இரண்டு, நடுவில் சுவர். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்ற சாதிகள். கால்சட்டைக் கோயில் என்றே ஜனங்கள் சொன்னார்கள். 1910ல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். கோர்ட் வரை போனார்கள், சுவர் திரும்ப எழும்பவில்லை. என் தொழிலில் எத்தனையோ சுவர் எழுப்பியிருக்கிறேன், இடித்ததற்காக ஒரு கொத்தனாருக்குச் சிலை வைக்கலாம் என்று தோன்றுவது இந்த ஒன்றுக்குத்தான். சாதியைப் பற்றி நூறு புத்தகம் எழுதலாம். தரைப்படம் ஒன்றைக் காட்டி "இந்தா பார்" என்று சொல்ல இப்படி ஒரு கட்டடம் வேண்டும். மருமகனை அடுத்த லீவுக்கு அங்கே அனுப்பப்போகிறேன்.

இப்போது என் வயிற்றெரிச்சல். ஊர் பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சிறு கோயில். நூறு வருஷத்துக்கு மேலான கட்டடம். கமிட்டியில் வெளிநாட்டுப் பணம் வந்தது. தரையில் இருந்த பழைய கல்லெல்லாம் பெயர்த்து, பளபளவென்று வழுக்குகிற டைல்ஸ் போட்டார்கள். கல்லில் பெயர் வெட்டியிருந்ததே என்று கேட்டேன். "அது ஆருக்கு மாமா வாசிக்கத் தெரியும், பழைய எழுத்து" என்றான் வேலை பார்த்த பையன். பனங்கை உத்திரத்தை இறக்கிவிட்டு ஃபால்ஸ் சீலிங். வைரம் பாய்ந்த பனை, இன்னும் இரண்டு தலைமுறை தாங்கும், விறகுக் கடைக்குப் போயிற்று. சுவரில் சிமெண்ட் பூச்சு. இரண்டு மழை போனதும் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. அதை மறைக்க இப்போது சுவருக்கும் டைல்ஸ். அடுத்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: "ரொம்பப் பழசு, இடிச்சுப் புதுசா கட்டலாம்" என்பார்கள். கட்டடம் பழசானதால் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டிப் பாகும் கலந்து, வாரக்கணக்கில் புளிக்க வைத்து அடிக்கிறவர்கள். செலவு அதிகம், நேரம் அதிகம். கருப்பட்டியோ இந்தக் கோயில்களின் வாசலிலேயே விற்கிறது. கமிட்டிக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், பெயின்ட் கம்பெனி ஆளைக் கேட்பதற்கு முன்னால் அப்படி ஒரு கிழவனைத் தேடிக் கேளுங்கள்.

போகிறவர்களுக்கு: செருப்பை வாசலில் விடுங்கள், உள்ளே பலர் தரையில்தான் உட்காருகிறார்கள், ஆண் ஒரு பக்கம் பெண் ஒரு பக்கம். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் கேமராவோடு நுழையாதீர்கள். ஐயரிடம், அதாவது சேகர குருவான பாதிரியாரிடம், ஒரு வார்த்தை கேட்டால் பழைய பதிவேட்டைக்கூடக் காட்டுவார்கள், எடுத்துப் புரட்டாமல் அவர்கள் புரட்டப் பாருங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். கழிப்பறை வசதிக்கு நாலு இடத்துக்கும் சேர்த்துப் பத்துக்கு மூன்று, பெண்களோடு போகிறவர்கள் சாத்தான்குளத்திலோ திசையன்விளையிலோ பார்த்துக்கொள்வது நல்லது. சித்திரை வெயிலைத் தவிருங்கள், தேரி மணல் காலைச் சுடும்.

சாப்பாட்டுக்கு, எந்தச் சபையில் அசனம், அதாவது கோயில் விருந்து, எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு போனால் ஹோட்டல் தேட வேண்டாம். பெரிய பெரிய அண்டாவில் கறிக்குழம்பு கொதிக்கும், பந்தியில் வந்தவன் எந்தச் சாமி கும்பிடுகிறான் என்று யாரும் கேட்பதில்லை. அசனம் கிடைக்காவிட்டால் முதலூர் மஸ்கோத் அல்வா. நெய் கிடையாது, தேங்காய்ப்பால், பற்களில் ஒட்டாமல் வழுக்கும். பத்துக்குப் பத்து. அக்காவுக்கென்று வாங்கிய அரைக் கிலோவை மருமகன் வண்டியிலேயே முடித்துவிட்டான்.